புதன்கிழமை ரத்தம்

"எனக்கு ரத்தம் வரலை சிஸ்டர். ஆனா ஊசி வேணும்."

ரியாமொகே சுகாதார நிலையத்தில் சொல்லவே கூடாத வாக்கியம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். சொல்லிவிடாதே என்று பொசிபோரிக்கு மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். மருந்துக்கடைப் பெண், கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சர், காலையிலிருந்து வரிசை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரையன் அம்மா. மூன்று பேருமே காதுக்குள் கிசுகிசுத்துத்தான் சொன்னார்கள். பொசிபோரி அதை வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். வெட்கம் வந்தால் அவளுக்கு அந்த ஒரு குரல்தான் வெளியே வரும்.

பெஞ்சு முழுக்கத் திரும்பியது. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை ஒன்றுகூட வாயை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் நியாஞ்சாமா பேனாவை மூடினார். பத்தொன்பது வருடமாக அதே ஜன்னல், அதே நாற்காலி.

"டீச்சர், இங்க நடைமுறை என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். புதன்கிழமை குடும்பக் கட்டுப்பாட்டு நாள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. முதல் ஊசி வேண்டும் என்கிற பெண், மாதவிடாயோடு வர வேண்டும். வயிற்றில் பிள்ளை இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வந்திருக்கிறது என்று வாயால் சொன்னால் செல்லாது. பச்சைத் திரைக்குப் பின்னால் போய்க் காட்ட வேண்டும். திரை முழங்காலோடு நின்றுவிடும் என்பதால் உள்ளே எந்தச் செருப்பு நிற்கிறது என்று பெஞ்சு முழுக்கப் பார்க்கும். ரியாமொகேயில் செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

"சோதனைக் குச்சி வாங்கிப் பார்த்துட்டேன் சிஸ்டர். இதோ. ஒரு கோடுதான். கர்ப்பம் இல்லை."

சிஸ்டர் குச்சியைத் தொடவில்லை. "குச்சி கடையில விக்கிறது. காசு குடுத்தா எந்தக் கோடு வேணும்னாலும் போடும். ரத்தம் பொய் சொல்லாது."

"நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"நான் யாரையும் பொய்னு சொல்லலை. நம்புறதுக்கு சர்ச் இருக்கு. சனிக்கிழமை ஓய்வுநாள் ஆராதனைக்குப் போய் நம்புங்க. இன்னைக்குப் புதன். இங்க பார்க்கணும்."

பெஞ்சில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"ரெண்டு வாரம் முன்னாடி காட்டினேனே!"

"காட்டினீங்க," என்றார் சிஸ்டர். "அது தேதியில்லாத ரத்தம்."

*

மே மாதம் மூன்றாம் தேதி. தூரத்து நைவாஷா பூப்பண்ணையில் வேலை பார்க்கிற அவள் காதலன் ஒஞ்சாரி, மாதத்துக்கு ஒருமுறை வருபவன், வந்திருந்தான். ஆணுறை கிழிந்தது. மறுநாள் காலை பொசிபோரி தலையில் லேசோ துணியை முக்காடாகச் சுற்றிக்கொண்டு, இரண்டு ஊர் தள்ளியிருந்த மருந்துக்கடைக்குப் போய், முதலில் பற்பசை கேட்டு, பிறகு இருமல் மிட்டாய் கேட்டு, கடைசியில் பி-டூ கேட்டாள். அந்த அவசர மாத்திரையை அவள் விழுங்குவது அந்த வருடத்தில் அது மூன்றாவது தடவை. பற்பசையும் மூன்றாவது.

அவளுடைய பயத்துக்கு ஒரு பெயரும் இருந்தது. மொரா. போன வருடம் இதே பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தவள். வயிறு தெரிந்த வாரமே நிர்வாகக் குழு அவளைக் கூப்பிட்டு, வாழ்த்து சொல்லி, வீட்டுக்கு அனுப்பியது. பொசிபோரியும் தற்காலிகம்தான். ஜூலையில் நிரந்தரம் ஆக வேண்டும். அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அப்பா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். வந்தவர்களை அதற்கு வணக்கம் சொல்ல வைக்காத குறைதான். இந்த மாத்திரைப் பிழைப்பு போதும், ஊசி போட்டுக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மாதவிடாய் வர வேண்டியது இருபதாம் தேதி. பதின்மூன்றாம் தேதி, புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. பழுப்பாக, திட்டுத்திட்டாக, ஒரு வாரம் முன்னதாக. பொசிபோரி உயிரியல் டீச்சர். இந்த மாத்திரை சாப்பிட்டால் அடுத்தது ஒரு வாரம் முன்னே பின்னே வரும், கூடும், குறையும் என்று அவளுக்குத் தெரியும். நல்லதாகப் போயிற்று, புதன்கிழமையாகவே வந்திருக்கிறது என்று கிளம்பினாள். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் சுற்றிப் போனாள், மாணவிகளின் பெற்றோர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. திரைக்குப் பின்னால் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள்.

சிஸ்டர் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த அட்டைச் சக்கரத்தை எடுத்தார். நாள் கணக்குப் பார்ப்பதற்கு எங்கேயோ ஒரு பயிற்சியில் கொடுத்தது. சோற்றுக் கறை, டீக் கறை எல்லாம் ஏறியிருந்தது. போன மாதத் தேதியில் முள்ளை வைத்துத் திருப்பினார்.

"சக்கரம் இருபதுன்னு சொல்லுது. இன்னைக்கு பதிமூணு. இது உங்க மாதவிடாய் இல்லை டீச்சர்."

"பின்ன யாரோடது?"

"அது எனக்குத் தெரியாது. கலரும் சரியில்லை. இருபதாம் தேதி வாங்க."

மாத்திரை சாப்பிட்டேன், அதனால்தான் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரைக்குக் கீழே பெஞ்சு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. பாவாடையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

இருபதாம் தேதி போனாள். அன்றைக்கு ரத்தம் இல்லை. அதுதான் ஏற்கனவே வந்து போய்விட்டதே. சிஸ்டர் அவள் அட்டையில் சிவப்பு மையால் 'கர்ப்பம்: சந்தேகம்' என்று எழுதினார். வந்தபோது அது மாதவிடாய் இல்லை; வராதபோது அவள் கர்ப்பிணி. இருபத்தேழாம் தேதி பொசிபோரி குச்சியோடு போய்ச் சொல்லக் கூடாத வாக்கியத்தைச் சொன்னாள்.

*

"தேதித் தகராறு," என்று சிஸ்டர் ஒரு சீட்டில் எழுதினார். "இது என் கையை மீறிப் போச்சு. சீஃப்கிட்ட போய் ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

"பதிமூணாம் தேதி வந்தது உங்க ரத்தம்தான்னு."

பிரையன் அம்மா வெளியே வரைக்கும் கூடவே வந்தாள். நாலு பிள்ளை பெற்றவள். ஐந்தாவது வேண்டாம் என்று ஆறு புதன்கிழமையாக வந்துகொண்டிருப்பவள்.

"தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா டீச்சர்? வரலைன்னா வரலைன்னு போய் யாராவது சொல்லுவாங்களா? எதிர்க்க கசாப்புக்கடை எதுக்கு இருக்கு?"

"கசாப்புக்கடையா?"

"ஒரு துளி ஆட்டு ரத்தம். மெர்சி அப்படித்தான் ஊசி வாங்கினா. அப்புறம் யாரோ மாட்டிக்கிட்டாளுங்க. அதுலருந்து சிஸ்டர் மோந்து பார்க்குது. அதான் எனக்கு நேரம் சரியில்லை. எனக்கு வருது டீச்சர், ஆனா எப்பவும் வியாழக்கிழமை பார்த்துத்தான் வருது. சனியன், ஒருநாள் முந்தி வராது, அடுத்த புதனுக்குள்ள நின்னுடும்."

டவுனுக்குப் போயிருக்கலாம். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இப்படியெல்லாம் பார்ப்பதில்லை, நாலு கேள்வி கேட்டு ஊசி போட்டு அனுப்புகிறார்கள் என்று கணக்கு டீச்சர் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில், குடும்பக் கட்டுப்பாட்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் கெமுன்தோ அத்தை. அப்பாவின் அக்கா. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குக் கல்லூரி என்று வீடே சொன்னபோது ஒற்றையாக நின்று சண்டை போட்டவர். சர்ச்சில் மூப்பர். பட்டம் வாங்கிய அன்று அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பையனும் உன் புஸ்தகத்தை மூட விட்டுடாதேடி," என்று சொன்னவர். அந்த முகத்தின் முன்னால் போய் நிற்பதற்குப் பதிலாக எந்தத் திரைக்குப் பின்னாலும் நிற்கலாம் என்றுதான் பொசிபோரி இந்தப் பக்கமே வந்தாள்.

*

அரசாங்க வட்டார அதிகாரியான சீஃப் ஒகெட்டோ காக்கி உடையில், தொப்பியைச் சரித்து வைத்து, குட்டைப் பிரம்பை மேஜையில் கிடத்தி உட்கார்ந்திருந்தார். வராந்தா நிறைய ஆட்கள். கதவைச் சாத்தலாமா என்று பொசிபோரி மெல்லக் கேட்டாள்.

"இது மக்கள் அலுவலகம். இங்க கதவு சாத்துறதில்லை," என்றார் சீஃப். பிறகு சிஸ்டர் கொடுத்த சீட்டை வராந்தாவுக்கே கேட்கும்படி படித்தார்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் படிவம் இருந்தது. அடையாள அட்டை தொலைந்ததற்கு, வேலித் தகராறுக்கு, செத்தவரைப் புதைப்பதற்கு, உயிரோடு இருப்பவர் ஏழைதான் என்பதற்கு. மாதவிடாய்க்கு இல்லை. இழுப்பறைகளை வரிசையாக இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. கடைசியில் கால்நடையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கான அனுமதிப் படிவத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"இதுல எல்லா விவரமும் கேட்டிருப்பான். பாலினம்?" அவரே எழுதிக்கொண்டார். "பெண். நிறம்?"

"ஐயா?"

"வந்ததோட நிறம் டீச்சர். சிஸ்டர் பழுப்புன்னு எழுதியிருக்காங்க. ஒத்துக்கிறீங்களா?"

"...ஆமா."

"சத்தமா. படிவம் ரெண்டு பிரதி எழுதணும்."

"ஆமா ஐயா. பழுப்பு."

"கொம்பு." அதை அடித்தார். நியாயமான மனிதர். "புறப்பட்ட தேதி பதிமூணு. சேருமிடம், சுகாதார நிலையம். ரெண்டு சாட்சி வேணும்."

வராந்தாவிலிருந்து ஒருவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பள்ளியில் மூன்றாம் ஃபார்ம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் அப்பா. அவர் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டீச்சரை நல்லாத் தெரியும் சீஃப். என் பொண்ணுக்கு உயிரியல் எடுக்கிறாங்க. ஆனா இந்த விஷயத்துல நான் எதைப் பார்த்தேன்னு சொல்றது?"

"பார்த்தேன்னு யாரு சொல்லச் சொன்னா? ஆட்சேபணை இல்லைன்னு போடு."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவளும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீஃப் முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். என் வட்டாரத்துல அரசாங்கத்துக்குத் தெரியாம எதுவும் வரவும் கூடாது, போகவும் கூடாது. அதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க."

மறுநாள் அந்த மூன்றாம் ஃபார்ம் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் ஒரு வட்டம் இருந்தது. அவள் பாடம் நடத்த வரைகிற அதே இருபத்தெட்டு நாள் வட்டம். பதின்மூன்றாம் நாளில் யாரோ ஒரு பசுமாடு வரைந்திருந்தார்கள், அழகாகவே. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதட்டியிருக்கலாம். பொசிபோரி அதை அழித்தாள். இனப்பெருக்கப் பாடம் இன்னும் பாதி இருந்தது. புத்தகத்தைப் புரட்டி, இலைகள் உணவு தயாரிக்கும் விதத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தினாள்.

அன்று மாலை கெமுன்தோ அத்தை போன் செய்தார். எடுக்கவில்லை. அடுத்த நாள் மூன்று தடவை. எடுக்கவில்லை.

*

ஜூன் மூன்றாம் தேதி கடிதத்தோடு போனபோது, கால்நடைப் படிவத்தை ஏற்பதா என்று தன்னால் முடிவெடுக்க முடியாது என்றார் சிஸ்டர். பத்தாம் தேதி, புதன்கிழமை, சுகாதார நிலைய நிர்வாகக் குழு கூடியது. மாவட்டத் தலைமையிலிருந்து இனப்பெருக்க நல ஒருங்கிணைப்பாளர் மொசெட்டி வண்டியில் வந்திருந்தார். கூட்டம் நடந்தது ஜன்னல் அறையில்தான். வேறு அறை இல்லை. நடுவே மேஜை. பிளாஸ்கில் பால் டீ, தட்டு நிறைய மாண்டாசி வடை. சுற்றி சீஃப், போதகர், சிஸ்டர், இன்னும் இரண்டு பெரியவர்கள். பொசிபோரிக்குத் தனியாக ஒரு முக்காலி. ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு முழுக்கப் பெண்கள்.

போதகர் எழுந்து ஜெபித்தார். "சூரியனையும் சந்திரனையும் அதனதன் பாதையில் நடத்துகிற கர்த்தாவே, டீச்சரையும் நடத்தும்."

"ஆமென்," என்றது குழு. பெஞ்சும் சொன்னது.

மொசெட்டி தொண்டையைச் செருமினார். "நம்ம திட்டத்தோட மையமே பெண்தான். அதனாலதான் அவங்களை நடுவுல உட்கார வச்சு, நாம எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருக்கோம். பெண்ணோட முடிவு பெண்ணோடது. அதை நாம மதிக்கணும். மதிக்கிறதுக்கு முன்னாடி சரிபார்க்கணும், அவ்வளவுதான்." கைதட்டினார்கள். "சரி டீச்சர், இருபதுல வர வேண்டியது பதிமூணுல ஏன் வந்துச்சு? குழுவுக்கு விளக்குங்க."

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். காது மடல் கொதித்தது. வகுப்பறைக் குரல் வந்தது.

"பி-டூ சாப்பிட்டேன். அவசர மாத்திரை. அதைச் சாப்பிட்டா மாதவிடாய் முன்னாடி வரலாம், பின்னாடி தள்ளலாம், நிறைய வரலாம், பழுப்பாத் திட்டுத்திட்டா வரலாம். ஒரு வாரத்துக்கு மேல தள்ளினா சோதிச்சுப் பார்க்கணும். பார்த்தேன். இல்லை. பதிமூணுக்கு அப்புறம் நான் யார்கூடவும் இல்லை."

போதகர் கடித்த மாண்டாசியைத் தட்டில் வைத்தார்.

"அதுக்கு முன்னாடி யார்கூட?" என்றார் போதகர்.

"அது கூட்டக் குறிப்புல வேண்டாம்," என்றார் மொசெட்டி, பெருந்தன்மையாக.

சிஸ்டருக்கு மட்டும் கோபம். "இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?"

"சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பீங்களா?"

சிஸ்டர் யோசித்தார். "இல்லை. அன்னைக்கே திட்டியிருப்பேன்."

காற்று அடித்தது. சிஸ்டரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கிய உரக்கடைக் காலண்டர் தூக்கிப் படபடத்தது. இத்தனை புதன்கிழமைகளாக அது தூக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு சுவரொட்டி தெரியும். ஒவ்வொரு வாரமும் இரண்டு வரி, மூன்று வரி என்று பொசிபோரி அதைப் படித்து முடித்திருந்தாள். ஆறு கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்றால் போதும், ரத்தம் இல்லாவிட்டாலும் ஊசி போடலாம். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு உறவு கொள்ளாமல் இருக்கிறீர்களா என்பது அதில் ஒன்று.

"அந்தச் சுவரொட்டியில ஆறு கேள்வி இருக்கு," என்றாள். "அதைக் கேட்டிருந்தா இந்தக் கூட்டமே வேண்டாம்."

மொசெட்டியின் முகம் மலர்ந்தது. "ஆ! அது நாங்க அச்சடிச்சதுதான். ரொம்ப நல்ல சுவரொட்டி. எல்லா நிலையத்துலயும் ஒட்டியாச்சுன்னு அறிக்கை போயாச்சு."

"ஒட்டியிருக்கு. யாரும் படிக்கலை."

"படிக்கணும்னு அறிக்கையில இல்லையே டீச்சர்."

குழு ஆலோசித்தது. சக்கரம் பெரிதா ரத்தம் பெரிதா என்பதில் பெரியவர்கள் இருவரும் பிரிந்தார்கள். கடைசியில் மொசெட்டி தீர்மானத்தை வாசித்தார். "இவ்வட்டாரப் பெண்கள் முதல் ஊசிக்கான மாதவிடாயைப் புதன்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் அமைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

"அரசு விடுமுறை வந்தா?" என்றார் சீஃப்.

"வியாழன்." திருத்தத்தோடு நிறைவேறியது. பெஞ்சில் பிரையன் அம்மா இரண்டு கையையும் மேலே தூக்கிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். டீச்சரின் வழக்கைப் பொறுத்தவரை, அடுத்தது வரும்போது மூவர் குழு பார்க்கும்: சிஸ்டர் பார்ப்பார், சீஃப் நேரத்தைக் குறிப்பார், போதகர் முதுகைத் திருப்பிக்கொண்டு சாட்சியாக இருப்பார்.

அப்போதுதான் அடிவயிறு இழுத்தது. பொசிபோரி அசையாமல் உட்கார்ந்தாள். பதின்மூன்றிலிருந்து இருபத்தெட்டு நாள். கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருக்கிறாள். முக்காலியின் பலகையில் வெதுவெதுப்பு தெரிந்தது.

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக முகங்களைப் பார்த்தவர், ஏமாறுவாரா?

"டீச்சர்... வந்துருச்சா?"

அறை அவளைப் பார்த்தது. மொசெட்டி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு இருபது! தீர்மானம் போட்டு அஞ்சு நிமிஷம் ஆகலை! இதை அறிக்கையில சேர்க்கணும். சீஃப், நேரம் குறிச்சுக்குங்க."

சீஃப் ஏற்கனவே குறித்துக்கொண்டிருந்தார். போதகர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிஸ்டர் எழுந்து வந்து அவள் காதருகே குனிந்தார். முதல் முறையாக அவர் குரல் தணிந்திருந்தது. "வாங்க. ரெண்டே நிமிஷம். நானும் ஒருகாலத்துல இப்படிக் காட்டிட்டுத்தான் போட்டுக்கிட்டேன். கண்ணை மூடிக்கங்க, முடிஞ்சுரும். ஊசி தயாரா இருக்கு."

ஊசி உண்மையாகவே தயாராக இருந்தது. தட்டில், பஞ்சுக்குப் பக்கத்தில். சனிக்கிழமை ஒஞ்சாரி வருகிறான். திரை வரைக்கும் நாலு எட்டு.

பொசிபோரி ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். முடிச்சை இறுக்கினாள். எழுந்தாள்.

"காட்ட மாட்டேன் சிஸ்டர்."

"என்னது?"

"வந்திருக்கு. காட்ட மாட்டேன்."

சிஸ்டரின் நாற்காலியைச் சுற்றிப் போய் உரக்கடைக் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து மேஜையில், மாண்டாசித் தட்டின் மேல் வைத்தாள். ஜன்னல் வழியாகப் பெஞ்சுக்குச் சுவரொட்டி தெரிந்தது. பிரையன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். அவள் உதடு அசைய ஆரம்பித்தது. "ஆறு மாசத்துக்குள்ள குழந்தை பெத்து..." என்று அவள் படிக்க, இன்னொருத்தியும் எழுந்து எட்டிப் பார்த்தாள்.

பொசிபோரி போனை எடுத்தபடியே வாசலைத் தாண்டினாள். அத்தையின் தவறிய அழைப்புகள் பதினொன்று இருந்தன. ஊர் முழுக்கத் தெரிந்தது டவுனுக்கும் போயிருக்கும். அத்தை திட்டுவார், அழுதாலும் அழுவார். அதற்குப் பிறகு கேள்வி கேட்பார். கேட்கட்டும். எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. வெட்கம் போய்விடவில்லை; கழுத்து வரைக்கும் இருந்தது. ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் அவள் திரும்பவில்லை. சந்தை வழியாக, டவுனுக்குப் போகும் மட்டாட்டு வேன்கள் நிற்கும் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"டீச்சர்!" என்று பின்னால் மொசெட்டியின் குரல். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு! பன்னிரண்டு வரைக்கும் செல்லும்!"